கூடு விட்டுக் கூடு பாய்ந்த கணிப்பொறி

நமது சங்க நூலகத்தின் மூலையில் 2012ஆம் ஆண்டு முதல் உழைத்து வந்த கணிப்பொறியை அன்பர்கள் அறிவீர்கள். சென்ற மழைக்காலத்தில் அது அடிக்கடி மூர்ச்சையடையத் தொடங்கிற்று. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் இருவர் உதிரிப் பாகங்களை வாங்கிப் புதிய பொறி ஒன்றைப் பூட்டித் தந்தனர். "விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டால் ஒரு மணி நேர வேலை" என்றனர். நாம் இசையவில்லை.

காரணம் உண்டு. சங்கத்தின் பழைய இதழ்கள் யாவும், யூனிகோடு நம்மிடையே வழக்கத்திற்கு வருமுன் இருந்த ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற உரோமக் குறிகளே தோன்றும். எழுத்துருவைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கோப்புகளைத் திறக்கும் மென்பொருளின் குறுந்தகடு எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே குடித்தனத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. மாற்றலுக்குப் பழகிய ரயில்வே குமாஸ்தாவுக்கு மூட்டை கட்டுவது புதிதா என்ன?

முதலில் வட்டு முழுவதையும் குளோன்சில்லா என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு புதிய எஸ்.எஸ்.டி.யில் பிரதி எடுத்தோம். பழைய வட்டை உறையிலிட்டுப் பீரோவில் பூட்டினோம். இதை மட்டும் எவரும் மறத்தலாகாது. மூலம் கைபடாமல் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் தவறு செய்யலாம்.

தவறுகளுக்கும் குறைவில்லை. புதிய பொறி அப்பிரதியைக் கண்டுகொள்ளவே மறுத்தது. பழைய வட்டு எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டது, புதிய தாய்ப்பலகையோ யூ.இ.எஃப்.ஐ. முறையில், ஜி.பி.டி. வட்டையே எதிர்பார்த்தது. விண்டோஸ் 10இல் 2017 முதல் இடம்பெற்ற எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்னும் கருவி, உள்ளிருப்பதை அழிக்காமலே இதனை மாற்றித் தருகிறது. நிறுவுவதற்குரிய பென்டிரைவிலிருந்து அதை இயக்கினோம்.

அடுத்து வந்தது நீலத்திரை. தொடக்க வட்டை அணுக இயலவில்லையாம்! பழைய பொறியில் வட்டு ஐ.டி.இ. முறையில் இயங்கியது, புதியதில் ஏ.எச்.சி.ஐ. முறை. அதற்குரிய டிரைவர் உள்ளே இருந்தும் உறங்கிக் கிடந்தது.

அருகில் அமர்ந்திருந்த முன்னாள் காரியதரிசி, "எழுத்து வருமா, தம்பி?" என்று ஐந்தாம் முறையாகக் கேட்டார்.

"பார்ப்போம், ஐயா" என்றோம். வேறென்ன சொல்வது?

ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கியதும் டிரைவர் விழித்துக்கொண்டது. பிறகு இணையம் கிடைக்கவில்லை; வலைப்பின்னல் டிரைவரை வேறொரு பொறியிலிருந்து பென்டிரைவில் கொணர்ந்தோம். முன்னரே கொணர்ந்திருக்கலாம்.

உரிமம்தான் பணச் செலவு வைத்தது. பொறியுடன் சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் ரயில்வே குவார்ட்டர்ஸ் போன்றது; அந்தத் தாய்ப்பலகையை விட்டு வெளியேறினால் செல்லாது. தனியாக விலைக்கு வாங்கிய உரிமமே சொந்த வீடு; அதை உடன் கொண்டு போகலாம். நம்முடையது முதல் வகை. புதிய உரிமம் வாங்கக் கமிட்டியில் அரை மணி நேரம் வாதம் நடந்தது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டமையால், அதன்மேலேயே விண்டோஸ் 11ஐ ஏற்றினோம். பழைய பொறியில் இல்லாத டி.பி.எம். 2.0 புதியதில் இருந்தது. இவ்வாறு ஏற்றும்போது கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பெரியவர் 2005 பிப்ரவரி இதழைத் திறக்கச் சொன்னார். ஆழிப்பேரலை நிவாரணத்திற்கு நம் குடும்பங்கள் அளித்த நன்கொடைப் பட்டியல் அழகிய தமிழில் விரிந்தது. காலஞ்சென்ற தம் மனைவியாரின் பெயரைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டினார். எதிரே "வளையல் ஒன்று" என்றிருந்தது.

இப்பொழுது ஞாயிறுதோறும் மாலையில் அவ்விதழ்களை யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம். மாற்றியதைப் பிழை பார்க்க இருவர் தேவை.