நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி

35 மி.மீ. பிலிமில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒளிபட்ட பிலிம் மறுபடி உதவாது. கழுவுவதற்கு லேப் வேண்டும், பிரிண்ட் வரும்வரை காட்சி தேறியதா என்பதும் உறுதியில்லை. சினிமா இத்தனை காலம் ஸ்டூடியோக்களின் பிடியில் இருந்ததற்கு இந்த அடிக்கணக்கே பெருங்காரணம் என்பேன். மலையாளப் படங்கள் பெரும்பாலும் கோடம்பாக்கத்தை நம்பியிருந்த 1965-இல், அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'சுயம்வரம்' வெளிவந்தது 1972-இல், அதுவும் அரசு நிதியத்தின் கடனோடு.

அந்தச் சுருளின் இடத்தில் இன்று இருப்பது நகத்தளவு சிலிக்கான் சில்லு. அதில் லட்சக்கணக்கான ஒளிக்குழிகள். ஒளி பட்டதும் ஒவ்வொன்றிலும் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. சேர்ந்த மின்னூட்டம் எண்ணாக மாறுகிறது. குழிகளுக்கு வண்ணம் தெரியாது. அதனால் நான்கில் இரண்டின்மேல் பச்சை வடிகட்டி, மற்றவற்றின்மேல் ஒரு சிவப்பு, ஒரு நீலம். பச்சைக்கு இரட்டைப் பங்கு, நம் கண் அந்நிறத்தில் கூர்மையானது என்பதால். எண்ணை அழித்து மறுபடி எழுதலாம். தவறிய டேக்குக்குப் பணம் கரைவதில்லை. செல்போனின் குழிகள் மிகச் சிறியவை, இருட்டில் படம் புள்ளிபுள்ளியாகக் கெடும் என்று ஒளிப்பதிவாளர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஐபோனில் எடுத்த 'டேஞ்சரின்' (2015) பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் வெயிலையே விளக்காக்கிக்கொண்டது. கருவியின் குறையறிந்து கதை அமைப்பவருக்கு அது தடையாவதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: எடுப்பது எளிது, காட்டுவது எங்கே? சனல்குமார் சசிதரனின் 'ஒராள்ப்பொக்கம்' (2014) மக்களிடம் திரட்டிய பணத்தில் உருவான படம். அதை ஊர் ஊராக வண்டியில் கொண்டுபோய்த் திரையிட்டார்கள். தியேட்டர் கதவைச் சில்லு திறந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஸ்டூடியோக்களின் பலம் கேமராவிலிருந்து வினியோகத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே சித்ரலேகாவின் கூட்டுறவு யோசனை பழசாகவில்லை. இப்போது அது தேவைப்படும் இடம் திரை. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2024 மார்ச் 7 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'சி ஸ்பேஸ்' ஓடிடி தளம் அந்த வழியில்தான் போகிறது. சந்தா இல்லை, தொடங்கியபோது பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய். அதில் பாதி படம் எடுத்தவருக்கு.