கேளாமை: உடற்குறையா, மொழி அடையாளமா?

முன்னுரை

காது கேளாமையை உடற்குறையாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாடல், பயனற்ற பிறவிகளாக எண்வகை எச்சங்களை அடுக்குகிறது. செவிடும் ஊமும் அவற்றுள் அடங்கும். இரண்டும் அங்குத் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. ‘செவிட்டூமை’ என இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. கேளாதவர் பெரும்பாலோரின் குரலுறுப்பு பழுதற்றது. கேட்டுப் பழகாமையே பேச்சைத் தடுக்கிறது. இன்று அரசு வழக்கில் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. சொல் மாறியதற்கேற்பக் கருத்தும் மாறியுள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சட்டமும் சூழலும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பேச்சொலி அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபல் அளவு கேள்திறன் இழந்தவர் கேளாதவர் ஆவார். 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர் கேட்டலில் இடர்ப்படுவோர் ஆவார். இவ்வளவுகோல் செவியை அளக்கிறது. ஒருவர் எச்சூழலில், யாரோடு, எம்மொழியில் பழகுகிறார் என்பதை அளப்பதில்லை. ஆனால் இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் 24ஆம் உறுப்பில், கேளாதோர் சமூகத்தின் மொழி அடையாளத்தைக் கல்வியின்வழிப் பேண வேண்டும் என்கிறது. குறைபாட்டுக்கென எழுந்த ஆவணமே கேளாதோரை ஒரு மொழிச் சமூகமாகவும் ஒப்புக்கொள்கிறது.

சூழல் மாறினால் குறையின் பொருளும் மாறும் என்பதற்கு அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்டு தீவு சான்றாகும். மரபுவழிக் கேளாமை பல தலைமுறைகளாகத் தொடர்ந்த அத்தீவில், காது கேட்போரும் சைகைமொழியை இளமையிலேயே கற்றனர். நோரா எலன் கிரோஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. அவர் சந்தித்த முதியோர், கேளாத அண்டை வீட்டாரை மீனவராகவும் உழவராகவும் நினைவுகூர்ந்தனரேயன்றி ஊனமுற்றோராக நினைவுகூரவில்லை. கேளாமை அங்கும் இருந்தது. அதனால் விலக்கப்படுதல் இல்லை. எனினும் ஒரு சிறு தீவின் பட்டறிவை எல்லா இடத்திற்கும் பொதுவிதியாக்க இயலாது என்பதையும் மறத்தலாகாது.

எழுத்தும் ஒலியும்

தமிழாய்வாளர்க்கு இச்சிக்கலின் ஆழமான பகுதி இலக்கணத்தில் உள்ளது. நன்னூல் எழுத்தை ஒலி என்றே வரையறுக்கிறது. ஒலியின்றி எழுத்தில்லை, எழுத்தின்றிச் சொல்லில்லை எனில் சைகையை மொழி எனல் எங்ஙனம்? வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து விடை தந்தார். கையின் வடிவம், அது அமையும் இடம், அதன் அசைவு ஆகிய சில கூறுகளின் சேர்க்கையால் அம்மொழியின் சொற்கள் அமைகின்றன. அவற்றுள் ஒன்று மாறினும் பொருள் மாறும். ‘கல்’ என்பதில் ககரம் பகரமாயின் ‘பல்’ ஆவது போன்றதே இது. எனவே, பொருள் வேறுபடுத்தும் அலகு என்பதே எழுத்தின் பணியாயின், ஒலி அதற்கு ஓர் ஊடகமே எனக் கொள்ளலாம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவுநிலையால் வகுக்குமிடத்துச் செவியறிவை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைக்கிறது. அது உயிரினங்களின் பாகுபாடேயன்றித் தனிமனிதரின் அளவீடன்று. அதனை ஏணிப்படியாகக் கருதி, ஐந்தாம் படியில் நின்றுவிட்டவர் ஆறாம் படியை எட்டார் எனக் கொள்வது பிழை. ஆனால் 1880இல் மிலான் நகரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு இத்தகைய பிழையையே செய்தது. சைகையை விலக்கி வாய்ப்பேச்சை மட்டும் கற்பிக்க வேண்டும் என அது தீர்மானித்தது. அத்தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது 2010இல், வான்கூவர் மாநாட்டில். இடைப்பட்ட 130 ஆண்டுகளில் எத்தனையோ பள்ளிகளில் குழந்தைகளின் கைகள் கட்டுண்டன.

இருவேறு கேளாமை

கேளாமை அனைத்தும் ஒருதன்மையதன்று. அறுபது வயதில் செவிப்புலன் இழந்தவர் தாம் வாழ்ந்த மொழியிலிருந்தே விலகுகிறார்; அவருக்கு அது இழப்பேயாகும். பிறவியிலேயே கேளாதவர் எதனையும் இழக்கவில்லை. அவருக்கு மொழி வந்து சேரவில்லை. இவ்விருவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது நம் குழப்பத்திற்கு ஒரு காரணம். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் உட்வர்டு 1972இல் முதலெழுத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் எழுதி, சமூகத்தையும் செவிநிலையையும் வேறுபடுத்தினார். தமிழ் வரிவடிவில் அவ்வாய்ப்பு இல்லை. சைகைமொழிச் சமூகத்தைச் சேர்ந்தவரைச் ‘சைகைமொழியர்’ என்றும், செவிநிலையை மட்டும் குறிக்கக் ‘கேளாதவர்’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து.

இதனால் சட்டம் தரும் இடஒதுக்கீட்டையோ, தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கும் உட்செவிக் கருவி அறுவைச் சிகிச்சையையோ மறுக்க வேண்டியதில்லை. மொழிச் சிறுபான்மையர் எனும் தகுதியும் சலுகை பெறும் தகுதியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இடர் வேறோரிடத்தில் உள்ளது. கேளாக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் காத்திருக்கும் ஆண்டுகளில் சைகையும் மறுக்கப்படின், மொழி வளரும் பருவம் மொழியின்றியே கழிகிறது. பின்னர் காணப்படும் கல்விப் பின்னடைவு செவியின் கணக்கில் எழுதப்படுகிறது.

பொதுத்தேர்வில் இம்மாணவர்க்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்களிக்கும் சலுகை நடைமுறையில் உள்ளது. சுமை குறைக்கும் நல்லெண்ணம் அதில் உண்டு. ஆயினும் சைகைமொழியைப் பயிற்றுமொழியாக்கி, அதன்வழி எழுத்துத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பாடநூலும் இலக்கணமும் இருந்தால் அவ்விலக்கு எத்தனை மாணவர்க்குத் தேவைப்படும்? அப்பாடநூலை எழுதும் பொறுப்பு மருத்துவத் துறையுடையதன்று, தமிழ்த்துறைகளுடையது.