ஆபரேஷன் ஆயிற்று, வலி போயிற்றா?

"ஏம்மா, மூணு மாசம் ஆச்சே, இன்னுமா வலிக்குது?" என்று யாராவது கேட்டாலே போதும், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிடும். கேட்டவர்கள் மேல் தப்பில்லை. இடுப்பு மூட்டையே மாற்றி வைத்தாயிற்று, இனிமேல் என்ன வலி என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கே அப்படித்தான் தோன்றியது. 'ஆபரேஷன் சரியாக அமையவில்லையோ?' என்று ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். இவரிடம் சொல்லவும் பயம். நகையை அடகு வைத்துச் செய்த வைத்தியம் ஆயிற்றே!

2023-இல் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது வயது 44. வயதானவர்கள் வழுக்கி விழுந்தால்தான் இந்த ஆபரேஷன் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு வந்தது வேறு. தொடை எலும்பின் மேல்நுனி பந்து மாதிரி இருக்கும். அது இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து சுழல்வதால்தான் நம்மால் நடக்கவும் உட்காரவும் முடிகிறது. அந்தப் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு செத்து, நொறுங்கத் தொடங்கியிருந்தது. 'அவாஸ்குலர் நெக்ரோசிஸ்' என்று பெயர் சொன்னார்கள். ஸ்டீராய்டு மருந்து அதிக நாள் சாப்பிட்டவர்களுக்கும், மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும் வருவதுண்டாம். சிலருக்குக் காரணமே தெரியாமலும் வருமாம். நான் அந்தக் கடைசி ரகம். அது தெரியாமல் 'வாயுப் பிடிப்பு' என்று நானே பெயர் வைத்து, மூன்று வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டு, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். எலும்போடு எலும்பு உரசுகிற அந்தப் பழைய குத்தல் போயே போய்விட்டது. அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் புது வலி. பின்பக்கச் சதையில் கயிறு போட்டு முறுக்கினாற்போல ஒரு பிடிப்பு. தொடையின் முன்பக்கம், கல்லுரலில் மாவாட்டிய மறுநாள் கை வலிக்குமே, அந்த மாதிரி ஒரு வலி. நாற்காலியை விட்டு எழுந்தால் முதல் நாலு அடி எடுத்து வைப்பதற்குள் உயிர் போகும். அப்புறம் கொஞ்சம் தேவலை. சாயந்திரம் ஆனால் கால் கனத்துவிடும்.

அடுத்த வீட்டு அக்கா, "எனக்கு முட்டி வலிக்குக் கொடுத்தாங்க, ஒண்ணு போட்டுப் பாரு, உடனே கேக்கும்" என்று ஓர் அட்டை மாத்திரை கொடுத்தார்கள். கேட்டது! அதனால் தினம் இரண்டு. மூன்றாவது வாரம் கெண்டைக்கால் வீங்கிக்கொண்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "நீர் இறங்கியிருக்கு, எண்ணெய் காய்ச்சி நல்லா உருவி விடறேன்" என்று அடுப்பில் நல்லெண்ணெயை வைத்துவிட்டாள். நல்லவேளை, இவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "கையே வைக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை, வெறும் வீக்கம்தான். ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அப்படிப்பட்ட காலை அழுத்தி உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதோடு சேர்த்து நான் விழுங்கிய அக்காவின் மாத்திரை டைக்ளோஃபினாக்! இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல. பத்து நாளாக வயிறு எரிந்ததை நான் காரக்குழம்பின் மேல் பழி போட்டிருந்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன் போங்கள்! அதன் பிறகு டாக்டர் எழுதித் தந்த பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அவர் சொன்ன அளவில்.

அந்தப் பயத்தில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வலிக்கிறதே என்று உடற்பயிற்சியை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. "பண்ணியாச்சா?" என்று இவர் கேட்டால், "ஆச்சு" என்று ஒரு பொய்.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு கச்சிதமாக இருந்தது. "அப்புறம் ஏன் டாக்டர் வலிக்குது?" என்று அங்கேயே அழுதுவிட்டேன். பிஸியோதெரபி செய்கிற பெண், என் பெண்ணைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள், என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "அம்மா, நாங்க மாத்தினது எலும்பைத்தான். சதை உங்க பழைய சதை. மூணு வருஷம் அதுக்கு வேலை கொடுக்காம நொண்டியிருக்கீங்க. இளைச்சுப் போச்சு. போதாததுக்கு ஆபரேஷன்ல அதை விலக்கித்தான் உள்ளே போயிருக்காங்க. இப்ப திடீர்னு முழுப் பாரத்தையும் தூக்குன்னா அது முனகத்தானே செய்யும்?"

ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம், ஆனால் மெல்ல மெல்லப் பலப்படும் என்றாள். யாராவது முன்பே இதைச் சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன்! சொல்லியிருப்பார்கள், மயக்கத்தில் என் காதில் விழவில்லையோ என்னவோ.

அவள் கேட்ட அடுத்த கேள்வி, "கைத்தடி எங்கே?" நாற்பது வயதிலேயே தடியா என்று தெருவில் பார்ப்பார்களே என்று வாக்கரை விட்டதும் பத்து நாளில் அதை மூலையில் வைத்துவிட்டேன். பிடித்த நாட்களிலும் இடது கையில்தான் பிடித்தேன். வலிப்பது இடது கால்தானே! அது தப்பாம். இடது காலை ஊன்றும்போது இடுப்பு சரியாமல் தாங்குவது அந்தப் பக்கத்துப் பின்சதை. தடியை வலது கையில் பிடித்தால்தான் அதன் சுமை குறையும். மாற்றிப் பிடித்து அந்த அறையிலேயே நாலடி நடந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போதே பாதி வித்தியாசம் தெரிந்தது. மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்பதையும் அன்றுதான் ஒழுங்காகக் கற்றேன்.

பயிற்சியை மறுபடி ஆரம்பித்தேன். படுத்தபடியே பின்பக்கச் சதையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. குதிகாலைப் படுக்கையிலேயே மெல்ல இழுத்து நீட்டுவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்குவது. கடைசியில் சொன்னதை டாக்டர் அனுமதித்த பிறகுதான் செய்யவேண்டும். குக்கர் மூன்று விசில் கொடுப்பதற்குள் பத்துத் தரம் முடிந்துவிடும். எவ்வளவு செய்வது என்பதற்கு அந்தப் பெண் ஒரு கணக்குச் சொன்னாள். செய்யும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. மறுநாளும் வலி ஏறியிருந்தால் நேற்று அதிகமாகச் செய்துவிட்டோம், குறைக்கவேண்டும். முடித்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைப்பேன்.

வீட்டிலும் சில மாற்றங்கள். அரிவாள்மணை பரணுக்குப் போய்விட்டது. சமையலறையில் ஓர் உயரமான ஸ்டூல். என்னைச் சம்மணம் போடவோ குந்தி உட்காரவோ கூடாது என்று சொல்லியிருந்ததால், கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து இவர் உயர்த்திவிட்டார். "தரையில உக்காந்து ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறாளே" என்று அத்தைக்குக் கொஞ்ச நாள் மனத்தாங்கல். பிறகு அவர்களே தட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் முட்டி வலி!

எல்லா வலியும் சதை வலிதான் என்று இருந்துவிடவும் கூடாது. காய்ச்சல், தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிதல், கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருத்தல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போவது, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாற்போல் தெரிவது - இவற்றில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். குறைந்துகொண்டே வந்த வலி மறுபடி ஏறினாலும் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி.

எனக்கு ஐந்தாம் மாதம் தடி போயிற்று. ஒன்பதாம் மாதம் ஒரு நாள், கோயில் பிராகாரத்தைச் சுற்றி முடித்த பிறகுதான், வலியை நினைக்கவே இல்லையே என்று நினைவு வந்தது. இப்போதும் பஸ்ஸில் வெகுநேரம் நின்றுகொண்டே வந்தால் அன்று ராத்திரி தொடை முணுமுணுக்கும். வீட்டிலும் இப்போது யாரிடமும் மறைப்பதில்லை. "இன்னிக்கு வலிக்குது, பாத்திரத்தை நீ தேய்ச்சுடு" என்று பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தெரு பெரியம்மாவுக்குப் போன மாதம் இதே ஆபரேஷன். கைத்தடியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, எந்தக் கையில் பிடிப்பது என்று நடந்தும் காட்டிவிட்டு வந்தேன். அடியில் இருக்கும் ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தது. மொசைக் தரையில் வழுக்குமே என்று, கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டித்தான் கொடுத்தேன்.