புதுமை மாதா கோயிலின் சொரூபமும் மணியும்

கோயில் ஒன்றன் வரலாற்றை அதன் சுவரையும் கூரையையும் கொண்டு அறிதல் வழக்கம். அவை அழிந்துபட்ட விடத்து, உள்ளேயிருந்த பொருள்களே சான்றாக எஞ்சுகின்றன. போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாணத்திற் சிறந்து விளங்கிய கத்தோலிக்கக் கோயிலாகிய புதுமை மாதா கோயிலின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

எதிர்மன்னசிங்கன் அரசு செய்த காலத்தில், பிரான்சிஸ்கு சபைக் குருமார் மாதாவின் சொரூபம் ஒன்றைச் செய்விக்க விரும்பினர். 1614ஆம் ஆண்டில் அதனைச் செதுக்கியவன் கிறித்தவம் தழுவாத உள்ளூர்ச் சிற்பி ஒருவன் என்றும், அவன் பெயர் அன்னக்குட்டி என்றும் போர்த்துக்கேய வரலாறுகள் கூறும். அதனை வணங்கியோர் அற்புதங்களைக் கண்டனர் என்னும் நம்பிக்கை பரவியதனால், ‘புதுமை மாதா’ என்னும் பெயர் நிலைத்தது. 1619இல் அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். தாம் கட்டிய கோட்டைக்கோ புதுமை மாதாவின் பெயரையே இட்டனர். தமிழ்ச் சிற்பியின் கைவண்ணம் அந்நியர் கோட்டைக்குப் பெயர் தந்தமை எண்ணத்தக்கது.

கோயில் மணி பிற்காலத்தது. அதில், ‘யாழ்ப்பாணப்பட்டினத்துப் புதுமை மாதா’ என்று பொருள்படும் போர்த்துக்கேய மொழி வாசகமும் 1648 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன.

1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். சொரூபம் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பர். மணி இங்கேயே தங்கிற்று. இவ்வேறுபாட்டின் காரணம் இரு சமயத்தாரின் வழிபாட்டு முறையில் உளது. கத்தோலிக்கர் கோயிலுக்குப் பலிபீடமும் சொரூபங்களும் இன்றியமையாதன. ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையாரோ சொரூப வழிபாட்டை விலக்கினர். பிரசங்கத்துக்கே முதன்மை தந்தனர். ஆதலாற் சொரூபத்துக்கு அவர்தம் ஆலயத்தில் இடமில்லை. மணியோசை எவர்க்கும் பொது. கோட்டையுள் 1706இல் சிலுவை வடிவில் ஒல்லாந்தர் எழுப்பிய தேவாலயத்தில் அக்கத்தோலிக்க மணியே ஒலித்தது. தளத்திற் பதிக்கப்பெற்ற கல்லறைக் கற்களும் அவ்வாலயத்துக்கு வரலாற்றுச் சிறப்பளித்தன.

அத்தேவாலயமும் நிலைக்கவில்லை. 1990ஆம் ஆண்டுக் கோட்டை முற்றுகையிலும் அதன் பின்னரும் சிதைந்து, இடிபாடாயிற்று. நல்லூரில் இடித்தவர் கோயிலும் போயிற்று. அவரை வென்றவர் ஆலயமும் போயிற்று. படைவலியினால் எழுந்தவை படைவலியினாலேயே வீழ்ந்தன.

ஆயினும், மணியிற் பொறித்த சில சொற்களை முன்னோர் படித்து எழுதிவைத்தமையால், மறைந்த கோயிலின் பெயரையும் காலத்தையும் இன்று நாம் ஐயமற அறிகின்றோம். நம்மூர்க் கோயில்களிலும் மணி, குத்துவிளக்கு, திருவாசி, தேர் முதலியவற்றில் உபயகாரர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. பழையனவற்றை உருக்கிப் புதியன வார்க்குமுன், அவ்வெழுத்துக்களைப் படியெடுத்து வைத்தல் கற்றோர் கடனாகும். சுவர் வீழ்ந்த பின்னும் சொல் நிற்கும்.