போர் ஏன் தோட்டத்திற்கு வந்தது?

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் தளங்களின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த ஒரு வாரத்திற்குள் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்றுப் பின்வாங்கியது. அம்மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் எந்த நாட்டோடும் பகை கொண்டவர்கள் அல்லர். ஆயினும், போர் அவர்களின் லயத்து வாசலுக்கே வந்தது. அது ஏன்?

நாடுகளுக்கிடையே போர் மூள்வதற்கான காரணங்களை அனைத்துலக உறவுகளை ஆராயும் அறிஞர்கள் வெவ்வேறு கோட்பாடுகளால் விளக்குகின்றனர்.

முதலாவது, யதார்த்தவாதம். நாடுகளுக்கு மேலே அவற்றைக் கட்டுப்படுத்தும் அரசு ஏதுமில்லை. ஆகவே, ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்புக்காக வலிமையைப் பெருக்க முயல்கிறது என்பது இதன் கருத்து. கெடா இதனை முன்பே பட்டறிந்திருந்தது. சயாமின் அச்சுறுத்தலுக்கு ஆங்கிலேயர் துணை நிற்பர் என்னும் நம்பிக்கையில், 1786ஆம் ஆண்டு கெடா சுல்தான் பினாங்கில் அவர்களுக்கு இடமளித்தார். 1821ஆம் ஆண்டு சயாம் படையெடுத்தபோது ஆங்கிலேயர் படை அனுப்பவில்லை. 1941ஆம் ஆண்டிலும் வலிமையே பேசியது. சீனாவோடு போரிட்டுக்கொண்டிருந்த ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை அமெரிக்கா நிறுத்தியது. எண்ணெய், இரப்பர், ஈயம் ஆகியவற்றைத் தேடி ஜப்பான் தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பியது. தோட்டத்து இரப்பர், போருக்கு வேண்டிய பொருளாகிவிட்டது.

இரண்டாவது, தாராளவாதம். வாணிகமும் ஒப்பந்தங்களும் பொது அமைப்புகளும் போரைத் தடுக்க வல்லவை என இது கூறுகிறது. முதலாம் உலகப் போருக்குப்பின் பன்னாட்டுச் சங்கம் இந்நோக்கத்தில்தான் தோன்றியது. ஆனால், மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானை அதனால் தடுக்க இயலவில்லை. 1933ஆம் ஆண்டு ஜப்பான் அச்சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. உறுப்பு நாடுகள் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

மூன்றாவது கோட்பாடு, மக்கள் மனத்தில் பதியும் கருத்துகளை முதன்மையாகக் கொள்கிறது. 'ஆசியா ஆசியருக்கே' என்று ஜப்பான் முழங்கியது. அம்முழக்கம் படையெடுப்பை விடுதலைபோல் காட்டியது. ஆனால், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பசியாலும் மலேரியாவாலும் காலராவாலும் பலர் மடிந்தனர். நம் மக்கள் அதனைச் 'சயாம் மரண இரயில்' என்றே அழைக்கின்றனர். 1943ஆம் ஆண்டு ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. அங்கு வாழ்ந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

யானையோடு யானை மோதினால் இடையில் சிக்கிய சருகுமான் மாளும் என்பது மலாய்ப் பழமொழி. இந்நிலையை மாற்ற ஒற்றுமை தேவை. 1967ஆம் ஆண்டு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகள் இணைந்து ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்தன. பூசல்களை அமைதி வழியில் தீர்ப்பதென 1976ஆம் ஆண்டு அவை பாலியில் உடன்படிக்கை செய்தன.

ஒரு காலத்தில் கெடாவின்மீது படையெடுத்த நாடு இன்று ஆசியானில் மலேசியாவின் பங்காளி. போருக்குக் காரணங்கள் பல இருப்பதுபோல், அமைதிக்கும் வழிகள் உண்டு. அவ்வழிகளை நாடுகள் இடைவிடாது பேணிக் காக்க வேண்டும் என்பதே கெடாத் தோட்டங்களின் வரலாறு உணர்த்தும் பாடம்.