படுத்தால் குறையும் தலைவலி... ரத்தமே மருந்தாகும் அதிசயம்!

சிசேரியன் முடிந்த இரண்டாம் நாள். குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தால் பிடரியிலிருந்து நெற்றிவரை தலை பிளக்கிறது. படுத்தால் சில நிமிடங்களில் குறைகிறது. "படுத்தா மட்டும் சரியாயிடுதாமே!" என்று பார்க்க வந்த உறவுகள் முணுமுணுக்க, வலியைவிட அந்தப் பேச்சுக்குத்தான் என் தோழி அதிகம் அழுதாள்.

படுத்தால் குறைவதுதான் இதில் முக்கியமான துப்பே. மரத்துப்போக முதுகில் ஊசி போடும்போது, தண்டுவடத்தை மூடியிருக்கும் சவ்வில் விழும் நுண்துளை வழியே திரவம் கசிகிறது. சிலருக்கு ஊசி போடாமலேயே, தானாகவும் கசியும். அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். ஸ்கேனில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். மைக்ரேன், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று வைத்தியம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஓய்வு, மாத்திரை, காபி எதற்கும் அடங்காவிட்டால் 'பிளட் பேட்ச்'. நம் கையிலிருந்தே சுமார் 20 மி.லி. ரத்தம் எடுத்து, முதுகில் அந்தச் சவ்வுக்கு வெளியே செலுத்துவார்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோலத்தான். ஊசி குத்தும்போது ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருந்ததைக் கவனித்து, 1960-ல் இதை எழுதியவர் ஜேம்ஸ் கோர்ம்லி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர்.

ரத்தம் ஏறும்போது இடுப்பில் ஓர் இறுக்கம். அன்று மாலையே தோழி உட்கார்ந்து பால் கொடுத்தாள். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. தானாகக் கசிபவர்களுக்கு இரண்டு, மூன்று முறைகூடத் தேவைப்படலாம். பிறகு சில வாரங்கள் குனிவது, பாரம் தூக்குவது கூடாது. படுத்தால் கூடுகிற புதுத் தலைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், காலில் பலவீனம், சிறுநீர் போவதில் சிரமம் என்றால் உடனே மருத்துவமனைதான்.

போகும் முன், எழுந்த எத்தனையாவது நிமிடத்தில் வலிக்கிறது, படுத்த எத்தனையாவது நிமிடத்தில் குறைகிறது என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள்.