மருத்துவ ஆவணமும் பிழைதிருத்தமும்

மருத்துவர் மாறலாம், மருத்துவமனையும் மாறலாம். நோயாளியைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து ஏந்திச் செல்வது மருத்துவ ஆவணமே. அதில் நேரும் சிறு பிழையும் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும். பெனிசிலின் ஒவ்வாமை உடையவரின் ஆவணத்தில் அச்செய்தி விடுபட்டால், அம்மருந்தே அவருக்கு நஞ்சாகலாம். ஒவ்வாமை இல்லாதவருக்கு உண்டு எனப் பதிவானாலோ, ஏற்ற மருந்து கிட்டாமல் போகலாம்.

திருத்தத்தின் முதற்படி, ஆவணத்தைப் பெற்றுப் படித்தலாகும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களை வழங்குதல் வேண்டும் என்கின்றன, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள். பிழை காணின், தவறு எது, சரியானது எது என்பதைத் தெளிவாக எழுதி, ஆய்வறிக்கை முதலிய சான்றுகளின் நகலை இணைத்து விண்ணப்பிக்கலாம். தவறான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வகுத்துள்ளது.

திருத்துதல் என்பது அழித்தல் அன்று. தாளில் எழுதிய பதிவாயின், பழைய எழுத்து தெரியுமாறு ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதி, நாளும் கையொப்பமும் இடுவதே முறை. முன்னர் அளித்த மருத்துவம் எதன் அடிப்படையில் அமைந்தது என்பதை அறிய அப்பழைய பதிவும் தேவைப்படும்.

எழுத்தறியா முதியோர் உள்ள இல்லங்களில், அவர்தம் ஆவணங்களைப் படித்துச் சரிபார்த்தல் கற்கும் இளையோரின் கடமையாகும்.